பட்டுப்போன மரமும் பி.காம் செயலாளரும்

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் எங்கள் காலனிப் பூங்கா. நாலு பெஞ்சு, ஒரு சறுக்குமரம், ஒரு சிமென்ட் மேடை, மேடைக்கு நிழலாக ஒரு வேப்பமரம். 'பி.காம் படிச்சவரு, கணக்குத் தெரியும்' என்ற ஒரே தகுதியில் அடியேனைக் குடியிருப்போர் சங்கச் செயலாளராக்கிவிட்டார்கள்.

பிறந்தநாள், வளைகாப்பு என்று மேடையைக் கேட்டு வருவார்கள். ஐந்நூறு ரூபாய். அதை 'வாடகை' என்று எழுதக்கூடாது என்று முதல் நாளே ஒரு பெரியவர் எச்சரித்தார். பூங்காவைப் பூங்காவாகவே வைத்திருக்க 1959-லேயே சட்டம் போட்டிருக்கிறார்களாம். ஆகவே ரசீதில் 'பராமரிப்பு நன்கொடை'. (நன்கொடை தராதவருக்கு லைட் பெட்டிச் சாவி கிடைக்காது!)

போன வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு வேப்பமரம் நுனியிலிருந்து கருக ஆரம்பித்தது. மார்கழியில் மரம் முழுக்கக் காபிப்பொடி நிறம். ஒருநாள் காலையில் போனால், காய்ந்த கிளை ஒன்று மேடை நடுவில் விழுந்து கிடக்கிறது. அன்று சாயங்காலம்தான் அங்கே ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள்.

கை நடுங்கிவிட்டது சார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்து வந்த வளைகாப்புக்கும் அப்படியே. வாட்ச்மேன் சம்பளமே அந்த நன்கொடையில்தான் ஓடுகிறது!

"வெட்டிரலாங்க" என்றது சங்கக் கூட்டம். மர வியாபாரி வந்து தட்டிப் பார்த்தார். வெட்டுக்கூலி வேண்டாம், மேலே எட்டாயிரம் தருகிறேன் என்றார். என் வணிகவியல் மூளை அதை உடனே வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டது.

ஆனால் பொது இடத்து மரத்தை நினைத்தபடி வெட்டிவிட முடியாது. கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. அதன் அனுமதி வேண்டும். போட்டோ, சுற்றளவு எல்லாம் சேர்த்து, காரணம் 'மரம் பட்டுப்போய்விட்டது' என்று மனு எழுதி, கவரில் போட்டு, ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தேன். வைத்ததோடு சரி. என் சோம்பேறித்தனம் உலகப் பிரசித்தம்.

இதற்குள் யாரோ மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றிக் குங்குமமும் வைத்துவிட்டார்கள். கோட்டை மாரியம்மன் ஊரில் அந்த மரத்தில் கோடாலி வைக்க யார் வருவார்? வியாபாரி என் போனையே எடுப்பதில்லை.

பொங்கலுக்கு ராசிபுரத்திலிருந்து மாமனார் வந்தார். வேளாண்மைத் துறையில் இருந்து ரிடையர் ஆனவர். பேனாக்கத்தியால் தண்டில் நகமளவு பட்டையைச் சீவினார். உள்ளே பச்சை!

"ஏனுங் மாப்ள, உசுரோட இருக்கறதுக்கா எழவு சொல்லக் கெளம்புனீங்க?"

இது நுனிக்கருகல் நோயாம். ஃபோமாப்சிஸ் என்று ஒரு பூஞ்சாணம். மைசூர்க்காரர்கள் 1997-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சி இளங்குருத்தில் சாறு உறிஞ்ச, இரண்டும் கூட்டணி. (பெயர்தான் கொசு, நம்மைக் கடிக்காது.) 2021 வாக்கில் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்பு இப்படிக் கருகி, பிறகு பெரும்பாலானவை துளிர்த்தனவாம்.

"பொழைக்கும்னு எழுதிக் குடுக்க மாட்டனுங்க. ஆனா காஞ்சதைக் கழிச்சு எரிச்சுப்போட்டு, கோடை வரைக்கும் பாக்கலாம்."

கூட்டத்தில் சொன்னேன். "யார் தலையிலயாவது விழுந்தா நீங்கதான் பொறுப்பு" என்றார் பொருளாளர். நியாயமான கேள்விதான். எனக்கும் அதே வயதில் பையன் இருக்கிறான். மாநகராட்சியில் சொல்லிக் காய்ந்த கிளைகளைக் கழித்து, மேடையைச் சுற்றிக் கயிறு கட்டினோம். இரண்டு மாதம் நன்கொடை பூஜ்யம். வாட்ச்மேன் சம்பளத்தில் பாதி என் பாக்கெட்டிலிருந்து. (என் சகதர்மிணிக்கு இது இன்னும் தெரியாது. இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுத்தான் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.) காற்றடித்த ராத்திரியெல்லாம் டார்ச்சோடு போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.

பங்குனி பிறந்து ஒரு வாரம். வாட்ச்மேன் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். "சார், செவசெவன்னு வந்திருக்குதுங்க!" லுங்கியோடு ஓடினேன். மொட்டைக் கிளைகளெல்லாம் செம்பு நிறத்தில் துளிர்.

பூ மட்டும் பூக்கவில்லை. சித்திரை முதல் தேதிப் பச்சடிக்கு வேப்பம்பூ கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. லிஸ்ட் எழுதப் பேப்பர் தேடி டிக்கியைத் திறந்தால், அந்தக் கவர். 'பட்டுப்போய்விட்டது' என்பதற்குப் பின்பக்கத்தில் எழுதினேன்: வெல்லம் கால் கிலோ, வேப்பம்பூ 50 கிராம்.