சுரண்டிப் பார்த்த நீலம்

பினாங்கின் ஜோர்ஜ்டவுனில், சூலியா வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பழைய கடைவீடு ஒன்றைப் பழுதுபார்க்கிறார்கள். சாயம் அடிக்க இன்னும் பல வாரங்கள் ஆகும். அதற்கு முன்னால், இந்தச் சுவர் எந்தெந்தக் காலத்தில் என்னென்ன நிறத்தில் இருந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வேலையைப் பார்க்கத்தான் போனேன்.

மேஸ்திரி பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். கூட இரண்டு வங்காளதேச இளைஞர்கள். காக்கி லீமா என்னும் கடைமுன் நடைபாதையில் குந்தியபடி, பழைய பெயர்ப்பலகை கழற்றிய இடத்தில் கத்தி முனையால் காசளவுக்குச் சுரண்டினார். பிறகு நைந்த உப்புத்தாளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்தார். வளையம் வளையமாக நிறங்கள் எழுந்தன. வெளியே இளம்பச்சை, அடுத்து பாலேடு நிறம், பிறகு மஞ்சள், அதன் உள்ளோரத்தில் ஒரு கறுப்புக் கோடு, உள்ளே நீலம், கடைசியில் வெள்ளை.

"அந்தக் கறுப்பு என்னண்ணே?"

"அழுக்கு. ரெண்டு பூச்சுக்கு நடுவுல அழுக்கு இருந்தா, கீழ உள்ளது பல வருசம் ரோட்டப் பாத்து நின்னிருக்குன்னு அர்த்தம். அழுக்கே இல்லன்னா அது வெறும் அடிப்பூச்சா இருக்கலாம். அதக் காட்டி பழைய நெறம்னு ஏமாத்துறவங்களும் இருக்காங்க."

கதவிலும் சன்னலிலும் வேறு சிக்கல். அங்கே எண்ணெய்ச் சாயம். ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயம் வெளிச்சம் படாமல் கிடந்தால் மஞ்சளித்துவிடும். வெள்ளை பாலேடாகும், நீலம் பச்சைப் பக்கம் சாயும். சுரண்டிய இடத்தைச் சில நாள் வெளிச்சத்தில் விட்டால் மஞ்சள் ஓரளவு வடியும்.

சுவருக்கு வருவோம். நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டார். நுரைத்துப் பொங்கியது, ஆகவே சுண்ணாம்பு. இனி அந்த நீலம் எது என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் கிடைத்த நீலங்களில் மூன்று முக்கியமானவை. பிரஷ்யன் நீலத்தைச் சுண்ணாம்பின் காரமே தின்றுவிடும், துருப்பிடித்த பழுப்பாகிவிடும். ஆகவே அது கழிந்தது. அவுரி நீலம் சுண்ணாம்பைத் தாங்கும், அமிலத்துக்கும் அசையாது. மூன்றாவது அல்ட்ராமரின். 1820களில் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு மலிவாகி, துணிக்குப் போடும் நீலமாக வீடுதோறும் வந்தது இதுதான். காரத்தைத் தாங்கும், அமிலத்தில் வெளுத்துவிடும்.

பொங்கல் அடங்கும்வரை சொட்டுச் சொட்டாக விட்டார். நீலம் மங்கி வெள்ளையானது. "மோந்து பாருங்க." அழுகிய முட்டை நாற்றம். சலவை நீலம்!

எனக்குச் சற்று ஏமாற்றம்தான். பினாங்கில் நீலச் சுவர் என்றாலே வழிகாட்டிகள் அவுரிக் கதையைத் தொடங்கிவிடுவார்கள். லீத் வீதியில் இன்று ஓட்டலாக இருக்கும் சியோங் ஃபாட் ஸி மாளிகைக்கு அந்தக் கதை பொருந்தும். சுண்ணாம்பில் அவுரி கலந்த பூச்சு அது. 1990களில் புதுப்பித்து, 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதையும் பெற்றார்கள். ஆனால் சந்துக் கடைக்காரர் அவுரிக்கு ஏன் செலவழிக்கப் போகிறார்? கைக்கு எட்டிய நீலத்தைக் கரைத்துப் பூசியிருக்கிறார். எனக்கு இந்த நீலம்தான் பிடித்திருக்கிறது.

இத்தனை பூச்சும் எப்படித் தப்பின? 1966-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். வாடகை மிகக் குறைவு என்பதால் பல உரிமையாளர்கள் வீட்டை இடிக்கவும் இல்லை, சுரண்டிப் புதுப்பிக்கவும் இல்லை. பூச்சின் மேல் பூச்சு ஏறியதோடு சரி. 2000 தொடக்கத்தில் சட்டம் விலகியது, வாடகை எகிறியது, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் உலக மரபுப் பட்டியலில் ஏறியதும் சாயம் அடிக்கும் வேகம் கூடியது. இன்று படம் எடுக்க வருபவர்கள் மயங்கும் ரோஜாவும் ஊதாவும் 'பழைய பினாங்கு நிறம்' என்று விற்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுண்ணாம்பு தாங்கும் நிறமிகளே சில. காவி, மஞ்சள் மண், நீலம், கரி என்று ஒரு கையில் எண்ணிவிடலாம்.

இந்தக் கரையோரப் பட்டணங்களின் சுண்ணாம்பு வேலையில் நம்மவர் பங்கும் உண்டு. சிங்கப்பூரில் 1861-இல் வழிபாடு தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு 'மதராஸ் சுண்ணாம்பு' பூசியவர்கள் இந்தியக் கைதிகள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்த்து அடித்த கலவை. கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் 1899-இல் வெளியான தம் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

மேஸ்திரியிடம் முட்டை எல்லாம் இல்லை. மாதக்கணக்காகத் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு மட்டும் பீப்பாயில் தயிர்போல் இருந்தது. பக்கத்துக் கடையில் சிமெண்டு பூசி பிளாஸ்டிக் சாயம் அடித்திருந்தார்கள். கணுக்கால் உயரத்துக்குக் கொப்பளித்து, வெள்ளை உப்பு பூத்திருந்தது. "தரையில உள்ள ஈரம் செங்கல் வழியா ஏறும்ங்க. சுண்ணாம்புன்னா வெளிய விட்டுரும். அத மூடி வச்சா எங்க போகும்?"

பின்கட்டுச் சுவரில் மூன்று மாதிரிகள் பூசிவைத்திருந்தார். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் சுண்ணாம்பு நிறம் காய்ந்தால் பல மடங்கு வெளிறும். அதனால் காய்ந்த பிறகுதான் பேச்சு. எதை மீட்பது? முதல் நீலத்தையா, அதன் மேல் வந்த மஞ்சளையா? மஞ்சளுக்குத்தான் மேஸ்திரியின் ஓட்டு. அதன் மேல் அழுக்கில்லையே என்று நான் இழுத்தேன். "அது மழைச்சாரல் கழுவின இடம். மாடிக்கு வாங்க, காட்றேன்," என்றார்.

அதற்குள் வீட்டுக்காரப் பெண் வந்துவிட்டார். மாதிரிகளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீலம் வேணாம் அங்கிள். ஓட்டல்னு நெனச்சு ஆளுங்க பெட்டியோட உள்ள வந்துருவாங்க."