விடைக்கு வழி

மறைகுறிப்புக் குறுக்கெழுத்து போடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கட்டம் நிரம்பியதும் பேனாவை மூடிவிடுகிறவர்கள் ஒரு வகை. ஒவ்வொரு விடையும் எப்படி வந்தது என்று எழுதிப் பார்த்த பிறகே எழுந்திருக்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகைக்கு மாறியது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியையால். விடையைச் சொன்னால், "சரி தம்பி, வழியைச் சொல்லு" என்பார்.

இந்த வகைப் புதிரில் ஒவ்வொரு குறிப்பும் விடையை இரண்டு தடவை சொல்கிறது. ஒரு முனையில் நேர்ப்பொருள் இருக்கும். மீதியில் எழுத்துகளைச் சேர்க்கும் வழி இருக்கும். இரண்டும் ஒரே வாக்கியமாக ஒட்டி நிற்பதால் எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. "கலைந்த நகரம் பாவிகளின் இருப்பிடம் (4)" என்றால் நகரத்தின் எழுத்துகளைக் கலைக்க வேண்டும்; நரகம் வரும். "மேக வரிசையில் ஒளிந்திருக்கும் சாமரம் (3)" என்றால் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 'மேக வரிசை' என்ற எழுத்துகளின் ஊடே 'கவரி' கிடக்கிறது. "தலை போன கவிதை மண்ணில் விழுந்து முளைக்கும் (2)" என்பதில் கவிதையின் முதல் எழுத்து போனால் விதை. எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இதுதான். தலை போன கவிதைகளை நாம் நிறையவே படித்திருக்கிறோம், அவற்றில் எதுவும் முளைத்ததில்லை.

லண்டன் டைம்ஸின் ஜம்போ புதிர் வழக்கமான புதிரைவிட மிகப் பெரியது. தமிழில் அவ்வளவு பெரிதாகக் கட்டுவது பெரும்பாடு. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துகளில் ஒன்று. நமக்கோ 247இல் ஒன்று. இதில் கட்டுகிறவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்ச் சொற்களில் பல 'ம்', 'ல்', 'ன்' என்று புள்ளி வைத்து முடிகின்றன. புள்ளியெழுத்தில் தொடங்கும் சொல் கிடையாது. ஆகவே ஒரு சொல் முடியும் கட்டத்தில் குறுக்கே இன்னொரு சொல்லைத் தொடங்க முடியாமல் போகிறது. பொங்கலுக்காக நண்பர் ஒருவர் பக்கம் முழுக்க ஒரு புதிரைக் கட்டி அனுப்பியபோது, குறிப்புகளைப் படிக்கும் முன்பே கறுப்புக் கட்டங்கள் விழுந்திருந்த அழகைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போடுகிறவருக்கோ இதே கணக்கு சாதகமாகிவிடுகிறது. 247இல் ஒன்றாக இரண்டு எழுத்துகள் குறுக்கே வந்து விழுந்தால் நாலெழுத்துச் சொல் தானாகவே தெரிந்துவிடும். குறிப்பைத் தொடாமலே விடையை எழுதிவிடலாம். பெரிய புதிரில் போகப் போக இந்த வசதி கூடும். கடைசிக் கால்வாசி வெறும் ஊகத்திலேயே நிரம்பிவிடும். அதனால்தான் வழி கேட்பது அவசியம் என்கிறேன். தமிழில் விடை முந்திக்கொண்டு வந்து, குறிப்பைப் படிக்காமலே நம்மை அனுப்பிவிடுகிறது.

அந்தப் பொங்கல் புதிரில் ஒன்று: "மனத்தின் நடுவிலிருப்பதை ஏழு நாளுக்குள் அடக்கினாலும் குரங்குதான் (4)." 'வா'வும் 'ர'வும் ஏற்கெனவே விழுந்திருந்தன. குரங்கு என்ற சொல் எதிரிலேயே நிற்கிறது. வானரம் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன். மனம் ஒரு குரங்கு என்று ஊரே சொல்கிறதே, அதைத்தான் நண்பர் சற்று நீட்டியிருக்கிறார் என்று தோன்றியது. டீச்சர் விடவில்லை. "ஏழு நாள் எதுக்கு வந்துச்சு?"

ஏழு நாள் வாரம். மனத்தின் நடுவில் இருப்பது 'ன'. வாரத்துக்குள் 'ன' அடங்கினால் வா-ன-ரம். இதில் இரண்டு ஒளிவிடங்கள் இருக்கின்றன. ஒன்று 'அடக்கு'. மனத்தை அடக்குவது என்று கேட்டுப் பழகிய காதுக்கு, பெட்டிக்குள் அடக்கம் என்கிற அடக்கம் சட்டென்று எட்டாது. மற்றொன்று 'மனத்தின்'. வேற்றுமை ஏறியதும் மனம் தன் கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு 'த்தின்' பூண்டுகொள்கிறது. அந்த உருபைக் கழற்றிப் பழையபடி மனமாக்கினால்தான் நடு எழுத்து எதுவென்று தெரியும். தமிழில் குறிப்பு எழுதுகிறவருக்கு இலக்கணமே ஒரு மறைவிடம்.

டீச்சருக்கு இதெல்லாம் புதிதில்லை. தண்டியலங்காரத்துச் சித்திரகவிகளை எடுத்து வைப்பார். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்தால் கரந்துறைச் செய்யுள். ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே போய் வேறு வேறு பொருள் காட்டினால் அக்கரச்சுதகம். பல கேள்விகளின் விடைகள் சேர்ந்து ஒரே சொல்லானால் வினாவுத்தரம். நம் புதிரின் தந்திரங்களில் பெரும்பகுதி அங்கே பெயரோடு இருக்கிறது. அந்தச் செய்யுள்கள் உரை இல்லாமல் நமக்குப் பிடிபடுவதில்லை என்பதையும் அவர் சேர்த்தே சொல்வார். பதம் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எங்கே போகிறது என்று காட்டுகிறவரைக்கும் அவை வெறும் ஓசைதான். குறிப்புக்கு விளக்கம் எழுதுவதும் உரை எழுதுகிற வேலையே என்பது எங்கள் இருவருக்கும் உடன்பாடு.

உரையில் ஒரு சொல்லும் மிஞ்சக் கூடாது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. இதே சண்டை இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. அப்சர்வர் இதழில் 1926 முதல் டார்க்கிமாடா என்ற பெயரில் புதிர் கட்டியவர் ஆளைத் திணறடித்தார். அவருக்குப் பின் அதே இதழுக்கு வந்த ஸிமனீஸ் 1966இல் ஒரு புத்தகமே எழுதி ஒழுங்கு செய்தார். பொருள், வழி, இவை தவிர குறிப்பில் வேறெதுவும் கூடாது என்பது அவர் வழிவந்தவர்களின் வரையறை. டீச்சர் அந்தக் கட்சி. 'அடக்கினாலும்' என்பதில் உள்ள 'உம்', 'குரங்குதான்' என்பதில் உள்ள 'தான்', இரண்டும் எந்த எழுத்தையும் தரவில்லை. ஆகவே மிகை என்று ஓரத்தில் குறித்துவிட்டார்.

நான் அராக்கேரியா கட்சி. ஜான் கிரகாம் என்ற பாதிரியார் அந்தப் பெயரில் 1958 முதல் கார்டியனில் கட்டினார். விதிகளை வேண்டியபோது தளர்த்தினார். விடுமுறை நாள்களுக்கு அவர் கட்டிய பெரிய புதிர்களுக்கு வாசகர்கள் காத்திருப்பார்கள். 2013 ஜனவரியில் தமக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதையும், வலி தணிக்கும் சிகிச்சைதான் நடக்கிறது என்பதையும் ஒரு புதிரின் விடைகளிலேயே வாசகர்களுக்குச் சொன்னார். அந்த நவம்பரில் இறந்தார். ஒரு மனிதரின் குரல் கட்டங்கள் வழியாக வரும் என்று அதைவிட யாரும் காட்டிவிட முடியாது.

'ஏழு நாளுக்குள் அடக்கினால் குரங்கு' என்று எழுதியிருந்தாலும் கணக்கு சரியாகவே வந்திருக்கும். ஆனால் அந்த 'உம்'மும் 'தானு'ம் சேர்ந்த பிறகுதான் ஒரு வாரத் தியான வகுப்புக்குப் போய்த் திரும்பியவரின் பெருமூச்சு அந்த வரியில் கேட்கிறது. குறிப்பை மறுபடி படிக்க வைத்தது அதுதான் என்று டீச்சரிடம் சொன்னேன்.

"அது ரசனை தம்பி, அதை நான் மறுக்கலை. மிகைன்னு எழுதினதையும் அழிக்கப் போறதில்லை" என்றார்.