குசினி புதுப்பித்த கதை

இலண்டனில் 20 ஆண்டுகள் புகை குடித்த எமது குசினியைப் புதுப்பிக்க முடிவு செய்தபோது, அம்மா தாம் சீட்டுக் கட்டிச் சேர்த்த 3,000 பவுணை எடுத்துத் தந்தார். மூவரிடம் விலை கேட்டு, மிகக் குறைந்த தொகை சொன்னவரைத் தெரிந்தெடுத்தோம். பழைய அலுமாரிகளை அகற்றும் கூலியும் 20 வீத வற் வரியும் அத்தொகைக்குப் புறம்பு என்பதைப் பின்னரே அறிந்தோம். அதுவாவது சிறு பிழை. முற்பணம் கொடுத்த ஆறாம் வாரம் கடையே மூடப்பட்டுவிட்டது! அம்மாவிடம் சொல்ல நா எழவில்லை.

நல்லகாலம், முற்பணத்தில் 200 பவுணைக் கடனட்டையிற் கட்டியிருந்தோம். பொருளின் விலை 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுணுக்கு மேற்படாதிருந்தால், ஒரு பகுதியை மட்டும் அட்டையிற் கட்டியிருந்தாலும் முழு இழப்புக்கும் அட்டை வழங்கிய வங்கியும் பொறுப்பு என்கிறது 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. நான்கு மாதங்கள் கடிதம் எழுதி மீட்டோம்.

அடுத்தவரை விலை பார்த்துத் தெரியவில்லை. அவர் முன்பு வேலை செய்த இரு வீடுகளுக்கு நேரிற் சென்று பார்த்தோம். அடுப்பைப் பூட்ட வந்தவரின் 'காஸ் சேஃப்' அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். (புகையை வெளியே தள்ளும் விசிறிக்கு மட்டும் கணக்குப் பாராமற் செலவிட்டோம், மிளகாய் வறுப்போருக்கு இது புரியும்.)

வேலை முடிந்த அன்று அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "திருவலையை எங்கே வைக்கிறது, தம்பி?" என்றார். அதற்கு நாம் எந்தப் படத்திலும் இடம் வரைந்திருக்கவில்லை.