ஒரு பொருளுக்கு ஒரு சொல்

கட்டுரை எழுதப் பழகும் மாணவனுக்குத் தமிழாசிரியர் கற்பிக்கும் முதற் பாடங்களுள் ஒன்று, வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வாராமல் எழுதுக என்பதாகும். முதல் வரியில் கடல் என்று எழுதிய மாணவன் அடுத்த வரியில் ஆழி என்பான். அதற்கடுத்த வரியில் பரவை என்பான். ஆசிரியர் சிவப்பு மையால் ஓரத்தில் சரிக்குறி இடுவார். மாணவனின் சொல்வளம் பாராட்டப்பெறும். இப்பழக்கம் தவறன்று, மொழியின் செல்வத்தை அளைந்து மகிழும் இளமைப் பருவத்திற்கு உரியதே. ஆயினும் கட்டுரைக்கு அணியாக அமையும் இவ்வழக்கம் வேறோரிடத்தில் பலருடைய உழைப்பை ஒரே இரவில் விழுங்கிவிடக்கூடும் என்பதை வகுப்பறையில் எவரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அங்கே எழுவதில்லை.

ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெண்மணி ஒருவர் இப்பாடத்தைத் தம் நாற்பத்தைந்தாம் அகவையில் கற்றுக்கொண்டார். அவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். கட்டுரைப் போட்டிகளிற் பரிசுகள் பெற்றவர். பின்னாளிற் கணினித் துறையிற் பயின்று, சரக்குக் கிடங்கு நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் கையேடுகள் எழுதும் பொறுப்பில் அமர்ந்தார். அக்கையேடுகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. எனினும், எழுதிய கை தமிழ்ப்பள்ளியிற் பழகிய கையன்றோ? ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் மும்முறை எழுத அக்கை கூசியது.

கிடங்கிற்கு வரும் சரக்கு, வெளியேறும் சரக்கு, யாருக்கு எத்தனை பெட்டி என்னும் கணக்கு அனைத்தும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளிற் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. கணக்கைக் காக்க இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று எல்லாப் பதிவுகளையும் ஏற்கும். மற்றொன்று முதலாவதில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் வாங்கித் தன்னிடத்திலும் எழுதிக்கொண்டு, அதன் நிழல்போல் தொடரும். முதலாவது நின்றுபோனால் நிழல் எழுந்து நிசமாகும்; பதிவுகளை ஏற்கும் கடமையை அது மேற்கொள்ளும்.

இவ்விரண்டாவது கணினிக்குக் கையேட்டில் நான்கு பெயர்கள் வழங்கின. பழைய பக்கங்களில் அது 'ஸ்லேவ்' எனப்பட்டது. பின்னர் வந்த ஒருவர் 'ரெப்ளிகா' என எழுதினார். மென்பொருளின் மூல ஆவணங்களைப் பின்பற்றிய பக்கங்களில் 'ஸ்டேண்ட்பை' என்றிருந்தது. நம் பெண்மணி எழுதிய பக்கங்களிலோ, சொல் மாறி மாறி வருவது அழகு என்னும் பழைய நினைவால், இம்மூன்றுடன் 'செகண்டரி' என்பதும் கலந்து வந்தது. போதாக்குறைக்கு, அக்கணினியின் இரும்பு முகப்பிலும் 'செகண்டரி' என்று எவரோ ஒரு சீட்டை ஒட்டியிருந்தனர். முதற்கணினியின் முகப்பில் 'பிரைமரி' என்னும் சீட்டு இருந்தது.

2023ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை பத்து மணியளவில் முதற்கணினி நின்றுபோயிற்று. ஏற்பாட்டின்படி இரண்டாவது எழுந்து பணியை ஏற்றது. கிடங்கில் வேலை தடைப்படவில்லை. அன்று பகல் முழுவதும், மாலையிலும், முன்னிரவிலும் எழுத்தர்கள் அமைதியாகப் பதிவு செய்துகொண்டிருந்தனர். முதற்கணினி பழுதுபார்க்கப்பட்டு நள்ளிரவுக்குப் பின் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இனி இரண்டையும் பழையபடி இணைக்க வேண்டும். இரவுப் பணியிலிருந்த இளைஞர் கையேட்டைத் திறந்தார். அதில் மூன்று கட்டளைகள் இருந்தன. செகண்டரியை நிறுத்துக, அதிலுள்ள கிளஸ்டரை நீக்குக, பிரைமரியிலிருந்து புதிய படியை எடுத்துக்கொள்க.

இளைஞர் இரண்டாம் கட்டளையிற் சற்றே தயங்கினார். கிளஸ்டர் என்பது இரு கணினிகளும் சேர்ந்த கூட்டமா, அல்லது ஒரு கணினியில் தரவுகள் கிடக்கும் கோப்புறையா? பல பக்கங்களைப் புரட்டிப் பார்த்துக் கோப்புறையே என்று சரியாகத் தெளிந்தார். முதற் கட்டளையில் அவருக்கு ஐயமே தோன்றவில்லை. செகண்டரி எது என்பதைத்தான் கணினியின் முகப்பே சொல்கிறதே! ஆனால், கையேடு குறித்தது அந்நேரத்தில் நிழலாக இருக்கும் கணினியை. சீட்டு குறித்ததோ ஓர் இரும்புப் பெட்டியை. காலை பத்து மணிக்கே பெட்டிகள் பணி மாறிவிட்டன, சீட்டுகள் மாறவில்லை. அன்று பகலின் பதிவுகள் அனைத்தையும் தாங்கியிருந்த ஒரே கணினியை அவர் நிறுத்தினார். அதன் தரவுகளை நீக்கினார். காலை பத்து மணியோடு காலம் உறைந்துபோன முதற்கணினியிலிருந்து படியெடுத்து அதில் நிரப்பினார். நாள்தோறும் எடுக்கும் காப்புப்படியும் முந்திய இரவுக்கு உரியதே. ஐயம் எழுப்பிய சொல் தீங்கு செய்யவில்லை. ஐயம் எழுப்பாத சொல்லே தீங்கு செய்தது.

அடுத்த நான்கு நாள்களும் எழுத்தர்கள் தாள் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிந்தனர். கிழிந்த சீட்டுகளுக்கும் காணாமற்போன சீட்டுகளுக்கும் விடை இல்லை. விசாரணை நடந்தது. இளைஞரின் கவனக்குறைவு என்றே மேலாளர்கள் எழுத முற்பட்டனர். அவர் வேலையிற் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. அப்போது நம் பெண்மணி எழுந்து, "இந்தப் பையன் கையேட்டில் எழுதியிருப்பதைத்தான் செய்தார். எழுதியவள் நான். தவறு என் பக்கத்தில் இருக்கிறது," என்றார். அவையில் சிறிது நேரம் பேச்சில்லை. இளைஞரின் வேலை தப்பியது. கையேட்டைத் திருத்தும் பொறுப்பு அப்பெண்மணியிடமே ஒப்படைக்கப்பட்டது.

திருத்தத் தொடங்கிய பின்னரே, இத்துன்பம் தம் அலுவலகத்திற்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் உணர்ந்தார். அதே மென்பொருளில் 'பிஜி_எக்ஸ்லாக்', 'பிஜி_கிளாக்' எனப் பெயரிய இரு கோப்புறைகள் முன்னர் இருந்தன. தரவுகளின் உயிர்நாடி அவற்றில்தான் இருந்தது. ஆயினும் பெயரின் ஈற்றில் நின்ற 'லாக்' என்னும் அசையைக் கண்டு, இவை வெறுங்குறிப்புகள், வட்டில் இடம் போதவில்லையேல் நீக்கிவிடலாம் என்று கருதிச் சிலர் நீக்கினர். மீட்க முடியாதவாறு தரவுகளை இழந்தனர். ஆதலால், 2017ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் பதிப்பில் அவற்றின் பெயர்களை 'பிஜி_வால்', 'பிஜி_எக்ஸாக்ட்' என மாற்றினர். வெளியீட்டுக் குறிப்பிலேயே இக்காரணத்தை ஒளிக்காமல் எழுதி வைத்தனர். பெயர் ஒன்றில் நின்ற ஓரசை பலருடைய உழைப்பை அழித்தது என்பதை ஆக்கியோரே ஒப்புக்கொண்ட செய்தி இது.

கிளஸ்டர் என்னும் சொல்லின் கதை இன்னும் சிக்கலானது. கொத்து என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். பூங்கொத்தும் சாவிக்கொத்தும் போலப் பல ஒன்றாய்ச் சேர்ந்தது என்பதே அடிப்படைக் கருத்து. ஆனால் எவை சேர்ந்தவை? போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணங்களில், ஒரே இடத்தில் உருவாக்கப்பட்டு ஒன்றாகப் பேணப்படும் தரவுத்தளங்களின் தொகுதி அது. ஒரே கணினிக்குள்ளும் அது முழுமையாக அமையும். பொது வழக்கிலோ, சேர்ந்து இயங்கும் பல கணினிகளின் கூட்டம் அது. அதே மென்பொருளில் கிளஸ்டர் என்றே ஒரு கட்டளையும் உண்டு. அட்டவணையின் வரிகளை ஓர் அகரவரிசைபோல் ஒழுங்குபடுத்தி எழுதுவது அதன் வேலை. ஆரக்கிள் மென்பொருளில் பல அட்டவணைகளை ஒரே இடத்தில் அடுக்கி வைக்கும் அமைப்புக்கும் அப்பெயரே. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணங்களில் 2020ஆம் ஆண்டின் பதிமூன்றாம் பதிப்பு முதற்கொண்டு ஒரு சொல்லடைவு இடம்பெற்றுள்ளது. கிளஸ்டர் என்பது சிலவேளை இயங்கும் நிலையிலுள்ள சேவையகத்தையும் குறிக்கும் என்றும், அப்பெயருடைய கட்டளையோடு இதனைக் குழப்பிக்கொள்ளற்க என்றும் அதில் எச்சரித்துள்ளனர்.

சொல்லை மாற்றுவோர் நல்ல நோக்கத்தோடு மாற்றினாலும், மாற்றம் பாதியில் நின்றால் குழப்பமே மிஞ்சும். எசமான், அடிமை என்னும் பொருள்தரும் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்னும் சொற்கள் கணினிகளுக்கு வேண்டா என்னும் கருத்து வலுப்பெற்று, மைஎஸ்கியூஎல் மென்பொருளார் 2020ஆம் ஆண்டு முதல் 'சோர்ஸ்', 'ரெப்ளிகா' என்னும் சொற்களுக்கு மாறினர். தோட்டத்தில் 'கூலி' என்னும் சொல் தேய்ந்து 'தொழிலாளர்' என்னும் சொல் நிலைபெற்றதன் அருமையை அறிந்த அப்பெண்மணிக்கு இம்மாற்றத்தின் நியாயத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பழைய கட்டளைகளும் சில காலம் உடன் வாழ்ந்தன. 2024ஆம் ஆண்டு வெளிவந்த 8.4ஆம் பதிப்பில் அவற்றுட் பல நீக்கப்பட்டன. அன்று முதல் பழைய கையேடுகள் சொன்ன கட்டளைகளைப் புதிய மென்பொருள் ஏற்கவில்லை. நிழற்கணினிக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பெயரிடுகிறது. மைஎஸ்கியூஎல்லில் ரெப்ளிகா, மாங்கோடிபியில் செகண்டரி, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஸ்டேண்ட்பை. மூன்றையும் கையாளும் அலுவலகத்தில் மூன்றும் கலந்துவிடுவதில் வியப்பென்ன?

அப்பெண்மணி முதலில் ஒரு பட்டியல் வகுத்தார். ஒரு பொருளுக்கு ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். நிழற்கணினி எங்கும் ஸ்டேண்ட்பையே. மற்ற மூன்று சொற்களும் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் 'இதனை எழுதற்க, ஸ்டேண்ட்பை என எழுதுக' என்னும் குறிப்போடு மட்டும். கிளஸ்டர் என்னும் சொல் தனித்து வரக்கூடாது. தரவுத்தளக் கிளஸ்டர் என்றோ, சேவையகக் கூட்டம் என்றோ அடைகொடுத்தே எழுதப்பெறும். கணினிகளின் முகப்பிலிருந்த சீட்டுகளைக் கிழித்துவிட்டு, உயர்வு தாழ்வு எதையும் சுட்டாத மரப்பெயர்களை அவற்றுக்கு இட்டார்: ஒன்று மெராந்தி, மற்றொன்று செங்கால். பெயர் பெட்டிக்கு உரியது. பிரைமரி, ஸ்டேண்ட்பை என்பன அப்போதைக்கு அது வகிக்கும் பணிக்கு உரியவை. எந்தக் கணினி எப்பணியில் உள்ளது என்பதை அக்கணினியிடமே கேட்டறியும் கட்டளை ஒன்று உண்டு. அதனை இயக்கி விடையைக் கண்ட பின்னரே அடுத்த வரிக்குச் செல்க என்பது ஒவ்வொரு பக்கத்தின் முதற்படியாயிற்று.

வேலை எளிதாக இருக்கவில்லை. கணினியை ஏவி 'மாஸ்டர்' என்னும் சொல் வருமிடமெல்லாம் மாற்றிவிட முயன்றபோது, சரக்குகளின் மூலப்பட்டியலைக் குறித்த 'மாஸ்டர் லிஸ்ட்' என்பதும் சேர்ந்து மாறிப் பொருளற்றுப் போயிற்று. ஒவ்வொரு வரியையும் கண்ணாற் பார்த்தே திருத்த வேண்டியிருந்தது. கட்டளைகளை எழுத்து மாறாமல் இருந்தபடியே விட வேண்டியிருந்தது. அவற்றுள் பழஞ்சொல் இருப்பினும் அதனைத் தொட்டால் கட்டளை இயங்காது. மூத்த பொறியாளர் ஒருவர் சலித்துக்கொண்டார்.

"ஏன் இவ்வளவு பிடிவாதம்? நான்கு சொல்லும் ஒன்றுதான் என்று எல்லாருக்கும் தெரியும்."

"பகலில் எல்லாருக்கும் தெரியும். இரவு இரண்டு மணிக்குத் தனியாக இருப்பவருக்குத் தெரியாது," என்றார் அவர்.

அவ்வாண்டுத் தீபாவளிக்குக் குளுவாங்கில் வாழும் தம் பழைய ஆசிரியரைக் காணச் சென்றார். முறுக்கும் தேநீரும் வந்தன. பேச்சு அலுவலகத்தை நோக்கித் திரும்பியது. "ஐயா, நீங்கள் கற்பித்ததற்கு நேர்மாறாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரே சொல் பன்னிரண்டு முறை வருகிறது. நீங்கள் பார்த்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவீர்கள்," என்று சிரித்தார்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. சற்று எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, கட்டுரைப் பாடத்தில் அப்படிச் சொன்னேன். இலக்கணப் பாடத்தில் வேற்றுமையை என்றைக்காவது மாறுபாடு என்று சொன்னேனா? எழுவாயை ஒருநாள் எழுவாய் என்றும் மறுநாள் தொடக்கம் என்றும் சொல்லியிருந்தால் நீ தேறியிருப்பாயா?"

பெண்மணி வாயடைத்து நின்றார். ஆசிரியர் தொடர்ந்தார். தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர்களைத் தொகுத்து, எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியது என்று வரையறுக்கிறது. சொல் பஞ்சத்தால் எழுந்த வரையறையன்று அது. சொல் மிகுந்த மொழியிலேதான் மரபு தேவைப்படுகிறது. சூடாமணி நிகண்டை ஆக்கிய மண்டல புருடர், ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்ததோடு அமையாமல், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் தனித்தொகுதியாக வைத்தார். முன்னது செல்வம், பின்னது எச்சரிக்கை. "இரண்டையும் உனக்குக் கற்பித்தேன். எது எவ்விடத்துக்கு உரியது என்று சொல்ல மறந்துவிட்டேன் போலும்," என்று முடித்தார்.

திரும்பும் வழியெல்லாம் அச்சொற்களே அவர் நெஞ்சில் நின்றன. கவிஞன் சொல்லை மாற்றும்போது படிப்பவன் இன்புறுகிறான். ஏனெனில் பொருள் ஒன்றே என்பது அவனுக்கு முன்பே தெரியும். கையேட்டைப் படிப்பவனுக்கு அது தெரியாது. புதிய சொல்லைக் கண்டால் புதிய பொருள் வந்துவிட்டதென்றே அவன் கொள்வான். அப்படிக் கொள்வதே அறிவுடைமையுமாகும். அவனிடத்தில் சொல்லை மாற்றுவது அழகன்று. அவன் நம்பிக்கையை ஏமாற்றுவதாகும்.

அடுத்த ஆண்டு ஒருநாள் இரவு மெராந்தி மீண்டும் நின்றுபோயிற்று. செங்கால் பணியை ஏற்றது. இரவுப் பணியில் அதே இளைஞர். அவர் எவரையும் எழுப்பவில்லை. காலையில் அலுவலகம் வந்த பெண்மணி பணிக்குறிப்பேட்டில் இரண்டே வரிகளைக் கண்டார். 'பிரைமரி இப்போது செங்கால். மெராந்தி ஸ்டேண்ட்பையாக இணைந்து சீராக இயங்குகிறது.' பட்டியலிலுள்ள சொற்கள் அப்படியே இருந்தன. அவர் அவ்வரிகளை இருமுறை படித்தார். பின்னர், பக்கத்தின் ஓரத்தில், சிவப்பு மையால் ஒரு சரிக்குறி இட்டார்.