மண்ணுக்குள் ஒரு நீர்மூழ்கி

ஹவாய்த் தீவுகளுக்குச் செல்வோர் பேர்ள் துறைமுகத்தைக் காணாது திரும்புவது அரிது. 1941 டிசம்பர் 7 ஆந் திகதி மூழ்கிய 'அரிசோனா' போர்க்கப்பலின் மேல் எழுந்து நிற்கும் நினைவு மண்டபத்தில் யாவரும் சற்று நேரம் மௌனமாக நிற்பர். ஆனால், அதே துறையின் நீர்மூழ்கித் தளத்தருகே, மண்ணுக்கடியில், அதனினும் மூத்த கப்பலொன்று புதைந்து கிடப்பதை நம்மிற் பலர் அறியோம்.

அதன் பெயர் 'எப்-4'. 142 அடி நீளமுள்ள அந்நீர்மூழ்கி, சியாற்றில் நகரிற் கட்டப்பெற்று, 1913 மே மாதத்தில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்தது. மறு ஆண்டு தன் இனத்தைச் சேர்ந்த வேறு மூன்று கப்பல்களுடன் ஹவாய்க்கு வந்தது.

1915 மார்ச் 25 ஆந் திகதி, ஹொனலூலுத் துறைமுகத்துக்கு ஒன்றரை மைலுக்கு அப்பால், பயிற்சிக்காக நீருள் இறங்கியது, மீண்டும் எழவில்லை. 21 பேரையும் வயிற்றிற் சுமந்தவாறு 306 அடி ஆழத்தில் அமர்ந்துவிட்டது. பணியிலிருந்த நீர்மூழ்கியொன்றை அமெரிக்கா கடலில் இழந்தது அதுவே முதன்முறை.

அத்துணை ஆழத்தில் மனிதர் வேலை செய்தல் அந்நாளில் எண்ணிப் பார்த்தற்கும் அரியது. எனினும் சுழியோடிகள் இறங்கினர். ஏப்பிரல் 17 ஆந் திகதி, வில்லியம் லோமன் என்னும் சுழியோடி மேலேறி வருகையில், 250 அடி ஆழத்திற் கயிறுகளிற் சிக்குண்டார். உடனே பிராங்க் கிரிலி தாமே இறங்கிச் சிக்கலை அவிழ்த்து, தோழரின் உயிரைக் காத்தார். அவ்வீரத்துக்குரிய உயர்ந்த பதக்கத்தை ஜனாதிபதி கூலிட்ஜ் 1929 இல் அணிவித்தார்.

கப்பலைச் சங்கிலிகளாற் பிணித்து ஆழங்குறைந்த இடத்துக்கு இழுத்தனர். பின்னர் மிதவைகளைக் கட்டி, ஆகஸ்ட் 29 ஆந் திகதி நீர்மட்டத்துக்குக் கொணர்ந்தனர். இறந்தோருள் நால்வரையே அடையாளங் காண முடிந்தது. எஞ்சிய 17 பேரும் ஆர்லிங்டன் மயானத்தில் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டனர்.

இத்துணை உயிர்களையும் குடித்தது யாது? பகைவன் குண்டன்று, புயலுமன்று. மின்கல அறையின் ஈயத் தகடு அரிக்கப்பட்டிருந்தது. அவ்வழியே கசிந்த கடல்நீர் கப்பலைக் கனக்கச் செய்ய, அது மாலுமிகளின் வசத்தை மீறிற்று. கண்ணுக்குத் தோன்றாத சிறு பழுதே காரணமென்பதை, கப்பலை மேலே கொணர்ந்தமையால் அன்றோ உலகம் அறிந்தது?

1940 இல், தளத்தருகே அகழியொன்றில் அதனை இட்டு மண்ணால் மூடினர். அதன்மேல் மண்டபமில்லை. ஆயினும், அரிசோனாவின்முன் நிற்கும் நாம், அத்திசை நோக்கியும் ஒருமுறை தலைவணங்குதல் தகும்.