பிரிக்குமுன் கேட்போம்

மோட்டார் சைக்கிள் பழுதுபட்டால் அது தன் நோயின் பெயரைச் சொல்வதில்லை. அறிகுறியை மட்டுமே காட்டுகிறது. "கியர் விழவில்லை" என்கிறோம் நாம். ஆனால் அதற்குக் காரணம் கியர்பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பங்குத்தளத்திலிருந்து கிளைக் கிராமங்களுக்குப் பல்லாண்டுகளாக மோட்டார் சைக்கிளில் சென்றுவரும் எனக்கு அனுபவம் கற்றுத்தந்த முதல் பாடம் இது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஏழையின் பணத்தைப் பொறுத்தது. நம் ஊர்களில் ஓடும் 100, 125 சிசி வண்டிகளில் கிளச் பிளேட்டுகள் இஞ்சினின் பக்க மூடிக்குள் இருக்கின்றன. அந்த மூடியைக் கழற்றினாலே அவற்றை மாற்றிவிடலாம். கியர்ச் சக்கரங்களோ இஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டுமெனில் இஞ்சினையே வண்டியிலிருந்து இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆகவே, பழுது கிளச்சிலா, கியர்பெட்டியிலா என்று தெளியாமல் ஸ்பானரை எடுப்பது முறையன்று.

மீன் விற்கும் இளைஞர் ஒருவர் ஒருமுறை என்னிடம் வந்தார். பின்னிருக்கையில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பகுதி ஊர்களுக்குச் செல்பவர். "சாமி, ஏத்தத்துல வண்டி கத்துது, ஆனா நகர மாட்டேங்குது. இஞ்சினைப் பிரிக்கணும்னு சொல்றாங்க. வண்டி நின்னா பொழப்பே நின்னுடும்" என்றார்.

அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். ஏற்றத்தில் இஞ்சின் சத்தம் உயர்கிறதா, தாழ்கிறதா? உயர்கிறது என்றார். இஞ்சின் வலுவிழந்திருந்தால் சத்தம் தாழ்ந்திருக்கும்; சத்தம் உயர்ந்தும் வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது என்று பொருள். ஒரே கியரிலா, எல்லாக் கியரிலுமா? எல்லாவற்றிலும் என்றார். அண்மையில் வண்டியில் யாராவது கை வைத்தார்களா? நியூட்ரல் விழாமல் தொல்லை கொடுத்ததால், முந்திய வாரம் கேபிளை முறுக்கியதாகச் சொன்னார்.

கிளச் லீவரைத் தொட்டுப் பார்த்தேன். அதில் சிறிதும் தளர்வில்லை. லீவரின் நுனியில் ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அது இல்லையெனில், ஓட்டுபவர் கையை எடுத்த பிறகும் கேபிள் கிளச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். பிளேட்டுகள் ஒன்றையொன்று முழுமையாகப் பற்றாமல் வழுக்கித் தேயும். தளர்வு மிகுந்தாலோ, லீவரை அழுத்தியும் அவை முழுமையாகப் பிரியா; கியர் கடகடவென்று மோதும், நியூட்ரல் விழாது. ஒரே திருகு, இரண்டு பிணிகள்! திருகைச் சரிசெய்ததும் வண்டி மேடேறியது. பிளேட்டுகள் இன்னும் கருகியிருக்கவில்லை. கருகியிருந்தால் அவற்றை மாற்ற வேண்டி வந்திருக்கும். அப்போதும் இஞ்சினைப் பிரிக்கத் தேவையிராது.

எண்ணெயையும் மறக்கலாகாது. இவ்வண்டிகளில் இஞ்சின், கிளச், கியர்பெட்டி மூன்றும் ஒரே எண்ணெயில் இயங்குகின்றன. உராய்வைக் குறைக்கும் கலவை சேர்ந்த கார் எண்ணெயை ஊற்றினால் நல்ல கிளச்சும் வழுக்கக்கூடும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறியீடு இருக்கிறதா எனப் பார்த்து வாங்குவது நலம்.

கியர்பெட்டிக்கே உரிய அறிகுறிகளும் உண்டு. பாரம் இழுக்கும்போது குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் தானாகக் கழன்று குதித்தால், அந்தக் கியரின் பிடிப்புப் பற்கள் தேய்ந்திருக்கலாம். அல்லது அதை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கலாம். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் லீவரை அழுத்தியதும் அடங்கினால், கியர்பெட்டியின் பேரிங்கை ஐயுறலாம். வடித்த எண்ணெயில் இரும்புச் சில்லுகள் தென்பட்டால் ஐயம் உறுதிப்படும். அப்போது பிரித்தே ஆகவேண்டும். தயங்குவது செலவைப் பெருக்கும்.

அனுபவமிக்க மெக்கானிக்குகளை நான் கவனித்ததுண்டு. அவர்கள் முதலில் ஓட்டியவரைப் பேசவிடுகிறார்கள். பிறகு தாமே ஓட்டிப் பார்க்கிறார்கள். அதன் பின்னரே கருவியைத் தொடுகிறார்கள். காசு செலவில்லாத சோதனை முதலில், பெருஞ்செலவு கடைசியில் என்பது அவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு. அன்றாடம் உழைத்து உண்பவரின் வண்டிக்கு இதைவிடப் பெரிய கருணை வேறில்லை.