ஈயக்குண்டும் ஈரமுடிச்சும்

டொரொண்டோ நகரில் வாழும் நமது மைத்துனரிடமிருந்து சென்ற ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் ஒண்டாரியோ ஏரிக்குச் சென்று, படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் சால்மன் மீன் பிடிக்க முயல்கின்றாராம். கோடையில் அம்மீன் மேல்நீரின் வெப்பம் பொறாது குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். அவ்வாழத்தில் தூண்டிலை நிறுத்துவதற்கென்றே அங்கு டவுன்ரிக்கர் என்றொரு பொறி உண்டு. பெருத்த ஈயக்குண்டு ஒன்றைக் கம்பியில் கோத்து இராட்டினத்தால் இறக்கி, தூண்டிற்கயிற்றை அதனருகே ஒரு கொக்கியில் மாட்டிவிடுவர். மீன் பற்றியதும் கயிறு கொக்கியினின்று கழன்றுகொள்ளும். பொறியின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. "கடற்கரை ஊரில் இருக்கிறீர்களே அத்தான், அங்குள்ளோர் பொறியின்றி எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்" என்று முடித்திருந்தார்.

திருவனந்தபுரத்தில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும் மீனைச் சந்தையிலன்றிக் கண்டறியாதவர் நாம். அலுவலக நண்பர்களிடம் 'டிரோலிங்' என்று வாயெடுத்ததுமே, "அதைத்தான் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தடை செய்கிறார்களே!" என்று நகைத்தனர். 1988 முதல் கேரளத்தில் மழைக்காலத்தில் தடுக்கப்படுவது எந்திரப் படகுகள் கடலடியை வாரி இழுக்கும் மடிவலை. மலையாளப் பத்திரிகைகள் அதற்கும் இப்பெயரையே வழங்குவதால் வந்த குழப்பம் இது. நாம் கேட்டதோ ஒற்றைக் கயிறும் ஒரு தூண்டில் முள்ளும்!

வினவி வினவி, விழிஞ்ஞத்தில் ஒரு முதியவரின் அறிமுகம் கிட்டியது. ஞாயிறன்று அவர் கடலுக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவார். ஆகவே ஐப்பசியில் நமது வார ஓய்வு நாளாகிய ஒரு செவ்வாயன்று, விடியுமுன் அவர் படகில் ஏறினோம். 2025 மே 2இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் விளக்கொளியில் நிற்க, நமது சிறு படகு அவற்றின் ஓரமாக வெளியேறிற்று.

கரையிலுள்ள அடையாளங்களை இரண்டிரண்டாக ஒரே நேர்கோட்டில் கொணர்ந்து, கடலடிப் பாறையாகிய 'பார்' இருக்குமிடத்தைக் கணிக்கின்றனர். இதற்குக் 'கணிச்சம்' என்று பெயர். பாரை அடைந்ததும் பெரியவர் எந்திரத்தின் வேகத்தைத் தணித்தார். "சாரே, ஈயம் தாழ்த்தும், வேகம் பொக்கும். அவ்வளவுதான் வித்தை" என்றார். அவ்வொரு சொல்லில் அனைத்தும் அடங்கிற்று எனலாம். குண்டின் எடை மாறுவதில்லை. ஆனால் படகின் வேகம் இரட்டித்தால் கயிற்றின்மீது நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிக் கயிற்றை மேலே தூக்கிவிடுகிறது. தடித்த கயிற்றை நீர் மிகுதியாகத் தூக்கும், மெல்லியதைக் குறைவாகத் தூக்கும். கட்டுமரத்தில் பாய் விரித்துச் சென்ற காலத்தில் இவ்வளவு ஈயம் வேண்டியிருக்கவில்லை என்றும், எந்திரம் வந்த பிறகே குண்டு பெருத்தது என்றும் கூறினார்.

அவர் தூண்டில் கட்டியிருந்த முறையையும் கூறுவோம். முதலில் நீண்ட தங்கூசி நரம்பு. அதன் முனையில், இரு தலையும் மெலிந்து வாழைப்பழம்போல் வளைந்த ஈயக்குண்டு. அவ்வளைவு குண்டு சுழலாதபடி தடுக்கிறது. குண்டின் இருபுறமும் முறுக்கை வாங்கிக்கொள்ளும் பித்தளைச் சுழலிகள். அதற்கப்பால் நான்கு பாகம் மெல்லிய நரம்பு. கைகளை அகல விரித்த நீளமே ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. குண்டைக் கண்டு மீன் மருளாதிருக்கவே இவ்விடைவெளி. கடைசியில் ஒரு முழம் எஃகுக் கம்பி; இங்கே நெய்மீன் என்று வழங்கும் வஞ்சிரத்தின் பற்கள் நரம்பைக் கத்தரித்துவிடும். கம்பியின் நுனியில் தூண்டில் முள்ளும், வாய் தைத்த சாளையும்.

ஆழத்தைக் கயிற்றின் சாய்வால் அறிகின்றார். நீர்ப்பரப்போடு கயிறு முப்பது பாகை சாய்ந்து நேராக நின்றால், விட்ட நீளத்தில் பாதி ஆழம். படகு வளையும்போது உட்புறத்துக் கயிறு தளர்ந்து தாழும், வெளிப்புறத்தது விரைந்து எழும். எந்தக் கயிற்றில் மீன் பற்றுகிறதோ, அதைக்கொண்டு ஆழத்தைத் திருத்திக்கொள்வார்.

இரண்டாவது கயிற்றுக்குக் குண்டு கட்டும் பணியை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். இரயில்வே பார்சல் பிரிவில் நாளும் கட்டுகளோடு பழகுகிறவர்க்கு முடிச்சில் ஒரு செருக்கு உண்டு. "வாயில் நனைச்சு இறுக்கணும் சாரே" என்றார் பெரியவர். மீன்வாடை வீசிய அந்நரம்பை வாயில் வைக்க மனம் கூசிற்று. அவர் திரும்பிய வேளையில் உலர்ந்தபடியே இறுக்கிவிட்டோம்.

மீன் பற்றியது நமது கயிற்றில்தான். நீருக்குள் வெள்ளித்தகடுபோல் ஒரு முறை புரண்டது. எட்டுக் கிலோவுக்குக் குறையாது என்றார். அடுத்த நொடி கயிறு கனமற்றுப் போயிற்று. இழுத்துப் பார்த்தால் குண்டுமில்லை, சுழலியுமில்லை; நரம்பின் நுனி சுருண்டிருந்தது. உலர்ந்த நரம்பை இறுக்குகையில் உராய்வால் எழும் சூடு அதைப் பழுதாக்கிவிடும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். அன்றைய மண்ணெண்ணெய்ச் செலவும் அவர் வீட்டுச் செலவும் அம்மீனோடு கடலுக்குள் போயின. வேறு மீன் படவில்லை.

கரையேறுமுன் பணம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை, கோபிக்கவுமில்லை. அதுவரை சாரே என்றவர், "இங்க வா மக்களே" என்றழைத்து, ஒரு துண்டு நரம்பைக் கையில் கொடுத்தார். துறை வந்து சேரும்வரை முடிச்சுப் போடவைத்தார். ஒவ்வொன்றையும் வாயில் வைத்து நனைத்தே இறுக்கினோம். உப்பும் சாளைநெய்யும் கலந்த அச்சுவை இரவு உணவிலும் நீங்கவில்லை.

மைத்துனருக்கு நான்கு பக்கம் எழுதினோம். சால்மனுக்கு எஃகுக் கம்பி வேண்டாம் என்றும், மெல்லிய கயிறு கொள்க என்றும், வேகத்தை மணிக்கு இரண்டு மூன்று மைலுக்குள் அடக்குக என்றும், நடுவே ஈயம் ஓடும் கயிறு அந்நாட்டுக் கடைகளில் கிடைப்பதால் குண்டின்றியும் ஓரளவு தாழ்த்தலாம் என்றும் விரித்துரைத்தோம். முடிச்சை நனைத்து இறுக்குக என்ற வரியை மட்டும் சிவப்பு மையால் எழுதி, இருமுறை கோடிட்டோம். காரணத்தை எழுதவில்லை.